முடக்குவாதமும் கைச்சிகிச்சையும்: பழனி மலையிலிருந்து ஒரு மதிப்பீடு

பழனி மலைத்தொடரில் மூட்டு வலி பேச்சில் வராத வீடு குறைவு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர். எந்த ஊரை எடுத்தாலும் வேலை சரிவில்தான். பூண்டு நடுவதும் களையெடுப்பதும் ஈர மண்ணில் குத்தவைத்துச் செய்கிற வேலை. கேரட்டைப் பனிக்காலத்திலும் சில்லென்ற தண்ணீரில் அலசித்தான் மூட்டை பிடிக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் விரல்களுக்கு நாள் முழுக்க ஓய்வில்லை. அதனால் முழங்கால் வலியும் இடுப்பு வலியும் இங்கே நோய்க் கணக்கிலேயே சேர்வதில்லை. தைலம் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, மறுநாள் காட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த வலிகளுக்கு நடுவே ஒளிந்து வருகிற நோய் ஒன்று உண்டு. பழைய தலைமுறை அதைச் சரவாங்கி என்றது; இன்று முடக்குவாதம் என்கிறோம்; மருத்துவர் சீட்டில் ஆர்.ஏ. என்று இருக்கும். தேய்மானத்தால் வரும் மூட்டு வலி வேறு, இது வேறு. அது மெல்ல வரும், மெல்லவே கூடும். இது கவனிக்காமல் விட்டால் இரண்டொரு ஆண்டுக்குள் எலும்பை அரித்துவிடும்.

எலும்பையும் தசையையும் கையால் நெகிழ்த்திச் சீராக்குவதாகச் சொல்லும் ஆஸ்டியோபதி பெருநகரக் கிளினிக்குகளில் பரவிவருகிறது. கைபேசிக் காணொலிகளிலோ, கழுத்தும் முதுகும் படக்கென்று ஒலிக்க, நோயாளி சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். மலையில் இருப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஏற்கனவே நீவி விடுபவரையும் வர்ம ஆசானையும் நம்பிப் பழகிய ஊர்களில் இது புதுக் கேள்வியும் இல்லை. முடக்குவாதத்துக்குக் கைச்சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது, எங்கே கெடுதல் செய்யும்? இந்த மூன்றையும் கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மூட்டுக்குள் நடப்பது

முடக்குவாதம் பிறப்பது எலும்பில் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தில். கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்கள் மூட்டின் உள்சவ்வைத் தாக்கத் தொடங்குகின்றன. மெல்லிய தோலாக இருக்க வேண்டிய அந்தச் சவ்வு வீங்கித் தடிக்கிறது. குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பின் விளிம்பைக் கரைக்கிறது. மூட்டைக் கட்டி நிறுத்தும் தசைநார்களைத் தளர்த்துகிறது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வதும் மணிக்கட்டு மடங்காமல் போவதும் இதன் கடைசிக் கட்டம். நுரையீரல், கண், இதய ரத்தக்குழாய் என்று மூட்டுக்கு வெளியேயும் இதன் கை நீளும்.

1859இல் இந்நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரை இட்டவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட். அதற்கு முன்பே, 1800இல், பாரிஸில் லாந்த்ரே-போவே என்பவர் தம் ஆய்வேட்டில் இதை விவரித்திருந்தார். உலகில் சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2019ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கணக்கு சொல்கிறது. அவர்களில் 70 சதவீதத்தினர் பெண்கள். வட இந்தியக் கிராமப்புறத்தில் நடந்து 1993இல் வெளியான ஆய்வொன்று பெரியவர்களில் 0.75 சதவீதத்தினருக்கு இதைக் கண்டது. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், ஆயிரம் பெரியவர்கள் இருக்கும் மலைக்கிராமத்தில் ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருக்கும். அவர்களில் ஐந்தாறு பேர் பெண்களாக இருப்பார்கள்.

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் தணியும். முடக்குவாதம் நேர்மாறு: காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, அரை மணி, ஒரு மணி ஆன பிறகே இளகும். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, தண்ணீர்க்குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் பெண்கள் முதலில் சொல்லும் குறை. வலி இரண்டு கையிலும் ஒரேமாதிரி இருக்கும். முட்டிக்கணுக்களும் விரலின் நடுமூட்டுகளும் வீங்கும். நுனிமூட்டு பெரும்பாலும் தப்பிக்கும். அனுபவமுள்ள மருத்துவர் கைகுலுக்குவதுபோல் நான்கு முட்டிக்கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்துவார். நோய் இருந்தால் அந்தச் சிறு அழுத்தத்துக்கே கையை இழுத்துக்கொள்வார்கள். கால்விரல்களின் அடிக்கணுவிலும் இதே சோதனை உண்டு.

ரத்தச் சோதனை துணைக்கு வரும். ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. காசநோய், தொழுநோய், கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும் சில முதியவர்களுக்கும் அது இருப்பதாகக் காட்டும். நோய் உள்ளவர்களில் சிலருக்கு இல்லையென்றும் காட்டும். ஆன்டி சி.சி.பி. சோதனை இன்னும் துல்லியமானது. அழற்சியின் அளவை இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சொல்லும். சிக்குன்குனியா வந்துபோன ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும்; அக்காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வீக்கம் முடக்குவாதத்தைப் போலவே வேஷம் கட்டும்.

பனியால்தான் இந்நோய் வருகிறது என்பது மலையில் ஊன்றிய நம்பிக்கை. குளிர் விறைப்பைக் கூட்டுவதாகப் பலர் உணர்வது உண்மை. நோயை உண்டாக்குவது குளிரில்லை. பரம்பரைக் கூறு, புகைபிடித்தல், ஈறுநோய் ஆகியவற்றுக்கே தொடர்பு தெரிந்திருக்கிறது. வெயில் காயும் இராமநாதபுரத்திலும் முடக்குவாதம் உண்டு.

மிசௌரியிலிருந்து வந்த கை

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளையுறைக் காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோயிற்று. பாதரசமும் அபினியும் சாராயமும் மருந்தாகக் கொடுக்கப்பட்ட அக்காலத்து வைத்தியத்தின் மேல் அவருக்கு வெறுப்பு மூண்டதில் வியப்பில்லை. உடலின் அமைப்பு சீராக இருந்தால் ரத்தம் தடையின்றி ஓடும், உடல் தானே குணமாகும் என்ற கொள்கையை 1874இல் அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் நகரில் முதல் கல்லூரியைத் திறந்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார்.

அதன் பிறகு இரண்டு நாடுகளிலும் இந்தக் கலை வெவ்வேறு பாதையில் போனது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதியில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்தெழுதுவார், அறுவையும் செய்வார். கைச்சிகிச்சை அவர் படிப்பில் ஒரு பகுதி. பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் கையால் மட்டும் சிகிச்சை செய்பவர். 1993ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்தவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் ஆயுஷ் முறைகளின் பட்டியலில் ஆஸ்டியோபதி இல்லை. கட்டாக்கில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம்போல் பட்டப்படிப்பு நடத்தும் இடங்கள் உண்டு. மற்றபடி பிசியோதெரபி படித்தவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று இதைச் செய்வதே வழக்கம். ஆகவே பெயர்ப்பலகையில் 'ஆஸ்டியோபத்' என்று மட்டும் இருந்தால், அதன் பின்னால் இருப்பது ஆண்டுக்கணக்கான படிப்பா, வாரக்கடைசி வகுப்பா என்பதை நோயாளிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்முறையும் ஒன்றல்ல, பல. தசையையும் தசையுறையையும் மெதுவாக நீவுவது. மூட்டை அது போகும் எல்லைக்குள் அசைத்துக் கொடுப்பது. நோயாளி தசையை இறுக்க, சிகிச்சையாளர் எதிர்ப்புக் கொடுத்துப் பிறகு தளர்த்துவது. தலையோட்டில் இலேசாகக் கை வைத்திருப்பது. கடைசியாக, மூட்டைச் சட்டென்று சொடுக்குவது. காணொலிகளில் படக்கென்று ஒலிப்பது இந்தக் கடைசி வகை. அந்த ஒலி எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளமில்லை. மூட்டு நீருக்குள் வாயுக்குமிழி உருவாவதால் எழுவது. முடக்குவாதக்காரருக்கு மேலே சொன்னவற்றில் முதல் மூன்றும் பக்குவமான கையில் ஏற்புடையவை. நான்காவதற்குச் சான்று இல்லை. ஐந்தாவது ஆபத்து.

நம் மரபில் தொட்டுக் குணமாக்குவது

பழனிக்குக் கைச்சிகிச்சை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. போகரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நவபாஷாணச் சிலை நிற்கும் ஊர் இது. மலையடிவாரத்தில் சித்த வைத்தியக் கடைகளுக்கு இன்றும் குறைவில்லை. சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1980களில் முதலில் தொடங்கப்பட்டதும் பழனியில்தான்.

சித்த மருத்துவம் புறமருந்து 32 வகை என்று வகுத்திருக்கிறது. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது விதம். ஸ்டில் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தசைக்கும் மூட்டுக்குமான கைவேலையை நம்மவர்கள் இப்படிப் பகுத்து வைத்திருந்தார்கள். தென்மாவட்டங்களில் வர்ம ஆசான்கள் இன்னொரு மரபு. முடக்குவாதத்தோடு ஒப்பிடத்தக்க நோய்க்குறிகளைச் சித்த நூல்கள் உதிரவாத சுரோணிதம் என்ற பெயரில் பேசுகின்றன. நல்ல சித்த மருத்துவர் அதற்கு உள்மருந்தையும் பத்தியத்தையும் முதலில் வைப்பார். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் அழுத்தித் தேய்க்க மாட்டார். வீட்டுப் பாட்டிகள் முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்து ஊற்றுவதும் மூட்டு வலியை நினைத்துத்தான். உணவாக அதில் தவறில்லை, மருந்தின் இடத்தில் வைத்தால்தான் தவறு.

மரபு மருத்துவத்தை முறையாகச் சோதிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு மலையடிவாரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பதில் இருக்கிறது. கோயம்புத்தூரில் 43 முடக்குவாத நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு பிரிவுக்கு நவீன மருத்துவத்தின் மெத்தோட்ரெக்சேட், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்து 36 வாரம் கவனித்தார்கள். யார் எதை உண்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2011இல் முடிவு வெளியானது: மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. எண்ணிக்கை சிறிது, முன்னோட்ட ஆய்வு என்று அதை நடத்தியவர்களே சொன்னார்கள். என்றாலும் பாரம்பரியத்தைச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்பதற்கு அது முன்னுதாரணம். கவனிக்க வேண்டியது, அங்கே சோதித்தது உள்மருந்தை. கைச்சிகிச்சை மட்டுமே முடக்குவாதத்தை அடக்கும் என்று காட்டிய அதற்கு நிகரான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை.

சான்றுகளின் தராசு

ஆஸ்டியோபதியைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பெரும்பாலானவை இடுப்பு வலியைப் பற்றியவை. 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 178 பேரை எடுத்துக்கொண்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஆஸ்டியோபதி பெற்றவர்களும் சமமாகவே தேறினார்கள். ஆஸ்டியோபதி பெற்றவர்களுக்கு வலி மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது. 2021இல் பிரான்சில் 400 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கறாரானது. ஒரு பிரிவுக்கு உண்மையான ஆஸ்டியோபதி. மறு பிரிவுக்குச் சும்மா தொட்டுவிடும் போலிச் சிகிச்சை. உண்மைச் சிகிச்சை முந்தியது. ஆனால் நோயாளியின் அன்றாடத்தில் தெரியாத அளவுக்குச் சிறிய வித்தியாசம் அது.

இடுப்பு வலியிலேயே நிலைமை இதுவென்றால் முடக்குவாதத்தில் கேட்க வேண்டியதில்லை. கையளவு நோயாளிகளை வைத்த சிறு ஆய்வுகள் மசாஜுக்குப் பின் வலி குறைந்ததையும் பிடிப்பலம் சற்றுக் கூடியதையும் தூக்கம் சீரானதையும் சொல்கின்றன. எலும்பரிப்பு நின்றது என்று காட்டியது எதுவுமில்லை. நிற்கும் என்று எதிர்பார்க்கவும் காரணமில்லை. சவ்வுக்குள் அணுக்கள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்தியைத் தோலின் மேல் வைத்த கை மாற்றாது.

அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2022இல் மருந்தில்லாச் சிகிச்சைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி தயாரித்தது. அதில் உறுதியான பரிந்துரை பெற்றது ஒன்றுதான்: தொடர்ந்த உடற்பயிற்சி. மத்தியதரைக்கடல் பாணி உணவு, மசாஜ், சூடு அல்லது குளிர் ஒத்தடம் ஆகியவற்றை நிபந்தனையோடு ஏற்றது. ஆஸ்டியோபதியின் பங்காளியான கைரோபிராக்டிக் சிகிச்சையை வேண்டாம் என்றது.

உடற்பயிற்சி எவ்வளவு எளிதாக இருக்கலாம் என்பதற்குப் பிரிட்டனில் 490 பேரிடம் நடந்து 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சான்று. அனைவரும் முடக்குவாத மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாதிக்கு மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டி மடக்கும் பயிற்சியும் மெல்ல எடை கூட்டும் வலுப்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஓராண்டுக்குப் பிறகு பயிற்சி செய்தவர்களின் கைவேலைத் திறன் தெளிவாக மேலே இருந்தது. களிமண் உருண்டையைப் பிசைவதும், ரப்பர் பட்டையை விரல்களால் விரிப்பதும், மேசை விளிம்பில் முன்கையை வைத்து மணிக்கட்டை உயர்த்தி இறக்குவதும் ஆஸ்டியோபத் இல்லாத கிளாவரையிலும் செய்யக்கூடியவை.

ஆகச் சான்றுகளின் தீர்ப்பு இது: மென்மையான கைச்சிகிச்சை வலியையும் இறுக்கத்தையும் சிறிது காலம் தணிக்கலாம், நோயைத் தடுக்காது, பயிற்சியின் இடத்தைப் பிடிக்காது, மருந்தின் பக்கத்திலேயே வராது.

கழுத்தில் கை வைக்கும் முன்

கைச்சிகிச்சையின் குறையைச் சொல்வதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கழுத்தில் அது உயிருக்கே கேடாகலாம்.

தலையைத் தாங்கும் முதல் முள்ளெலும்பு வளைய வடிவம். இரண்டாம் எலும்பிலிருந்து பல் போன்ற முளையொன்று மேலெழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. முளைக்குப் பின்னாலேயே முதுகுத்தண்டுவடம் இறங்குகிறது. முளை பின்னோக்கிப் போய் தண்டுவடத்தை இடிக்காமல் குறுக்கே ஒரு தசைநார் கட்டி வைத்திருக்கிறது. அந்த இடத்திலும் உள்சவ்வு உண்டு. முடக்குவாதம் அதையும் விடுவதில்லை. பல ஆண்டு அடங்காத நோயில் அந்தத் தசைநார் தளர்ந்து, முளையும் அரிக்கப்பட்டு, முதல் எலும்பு முன்னே நழுவும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்ட கழுத்தைச் சொடுக்கினால் தண்டுவடம் நசுங்கிக் கைகால் நான்கும் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். இதனால்தான் நெடுநாள் முடக்குவாதக்காரருக்கு எந்த அறுவை செய்தாலும் மயக்க மருத்துவர் முன்கூட்டியே கழுத்தைக் குனியவும் நிமிரவும் வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்.

பொறுப்பான ஆஸ்டியோபத் இதை அறிந்திருப்பார். முடக்குவாதம் என்று சொன்னதும் கழுத்துச் சொடுக்கை விட்டுவிடுவார். அறியாதவர் கையில்தான் பிரச்சினை. நம் ஊரில் அந்த அறியாதவர் பெரும்பாலும் முடிதிருத்தகத்தில் இருக்கிறார். சவரம் முடிந்ததும் தலையைப் பிடித்து இடமும் வலமும் ஒரு சொடுக்கு; காசு வாங்காத உபசாரம். முடக்குவாதம் உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே அதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பின்தலை வலி, கழுத்தை அசைத்தால் கைகளில் மின்னதிர்வு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடங்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தக் கைச்சிகிச்சையும் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு தடைகளும் உண்டு. நோய் கிளர்ந்து மூட்டு சிவந்து சூடாக இருக்கும் நாட்களில் அதை அழுத்தக் கூடாது. நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கும். முதுகை மிதித்துவிடச் சொல்லும் பழக்கம் அவருக்கு எலும்பு முறிவில் முடியும்.

மருந்தின் பக்கம்

இன்று முடக்குவாதச் சிகிச்சையின் நங்கூரம் மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்தின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதும், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான சான்றிதழோடு வெளியேறியதும், அமெரிக்கா போகும்வரை சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியதும் அவர் வரலாறு. பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அதன் செயலைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றைச் சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தினார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். 1951இல் அவ்வகை மருந்து முடக்குவாதத்தில் சோதிக்கப்பட்டது. 1988இல் மெத்தோட்ரெக்சேட்டை இந்நோய்க்குக் கொடுக்க அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இன்று நோயாளி வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட்டும், அதன் பக்கவிளைவைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் எடுக்கிறார். இரண்டுமே சுப்பாராவின் ஆய்வகத்துக் கொடை.

வாரத்துக்கு ஒருநாள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் வீழ்ந்து உயிர்போகும். எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வைப்பது நல்லது. வத்தலக்குண்டு, பழனி சந்தைக் கிழமையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்த வேண்டும். குடிப்பவர்கள் குடியை விட வேண்டும். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்துதான் பலர் வேறு கையைத் தேடிப் போகிறார்கள்.

அது போதாதவர்களுக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்லுனோமைட் உண்டு. அதற்கும் மேல் உயிரியல் மருந்துகள். அவற்றுக்கு வழிதிறந்த இருவரில் ஒருவரான ரவீந்தர் மைனி லூதியானாவில் பிறந்தவர். அவை காசநோயை எழுப்பக்கூடும் என்பதால் நம் நாட்டில் முன்சோதனை கட்டாயம். ஸ்டீராய்டு இன்னொரு கதை. 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் செலுத்த, படுத்த படுக்கையாய் இருந்தவர் சில நாளில் நடந்தார். 1950இல் அவருக்கு நோபல் பரிசு. பக்கவிளைவுகள் தெரிந்த பிறகு, குறைந்த அளவில் குறைந்த காலத்துக்கு மட்டும் என்று அதன் இடம் சுருங்கியது. 'மூலிகைப் பொடி' சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்தது என்றால், முகமும் உப்பிவருகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

மலையில் முதலில் வருவது எது?

ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டி, வீக்கம் தொடங்கிய ஆறு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும் மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கவும் சொல்கிறது. பழனி மலையில் இந்த ஆறு வாரம் எப்படிக் கழிகிறது? முதல் வாரம் தைலம். பிறகு நீவி விடுபவர். பிறகு மருந்துக்கடையில் வலி மாத்திரை. அறுவடை முடியட்டும் என்று ஒரு மாதம். பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கி ஒரு ஊசி. மூட்டுநோய்க்கென்று தனித்துறை உள்ள மருத்துவமனை வேண்டுமென்றால் மதுரை போன்ற பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். கிளாவரைக்காரர் கொடைக்கானல் வரவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. நீண்டகாலம் சாலையே இல்லாமல் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த வெள்ளகவி போன்ற ஊர்களும் இதே மலையில்தான் இருக்கின்றன. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் உடல்நலம் தேடி ஏறிவந்து உருவாக்கிய ஊர் கொடைக்கானல். இங்கேயே பிறந்தவர்களோ உடல்நலம் தேடிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

பாதிக்கப்படுபவர் பெண் என்பதும் தாமதத்துக்குக் காரணம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை நட்டு, களையெடுத்து, உரித்துத் தரம்பிரிக்கும் விரல்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். பேருந்துச் செலவு தனி. பக்கத்து வீதியில் நீவி விடுபவரை நாடுவது அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான்.

அந்தக் கணக்கை மாற்ற வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி ஏற்கனவே ஓர் அங்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண் பணியாளர் அதோடு காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வி கேட்டு, முட்டிக்கணுக்களை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும். சந்தேகப்பட்டவரை ஆறு வாரத்துக்குள் பெருமருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒருமுறை பெருமருத்துவமனையில் நோய் உறுதியாகி மருந்து முடிவானபின், மாதாந்திர ரத்தச் சோதனையையும் மாத்திரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கலாம். நீவி விடுபவர்களையும் பகைக்க வேண்டியதில்லை. வீங்கிய விரலோடு வருபவரை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்; இரண்டு கையும் வீங்கியிருந்தால் தொடாமல் சுகாதார நிலையத்துக்கு அனுப்பு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், தாமதத்தின் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

வேலைக் கருவிகளிலும் சிறு மாற்றம் பெரிதாக உதவும். களைக்கொத்தின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. குடத்தை விரலால் தொங்கவிடாமல் இரு முன்கையாலும் அணைத்துத் தூக்கலாம். காலையில் வெதுவெதுப்பான உப்புநீரில் கைகளை ஊறவைத்து, நீருக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டினால் விறைப்பு சீக்கிரம் இளகும். வேலை நேரத்தில் மணிக்கட்டுப் பட்டை, இரவில் ஓய்வுப் பட்டை. அதிகச் செலவில்லாத இவற்றைச் சொல்லித் தருவதும் நல்ல கைச்சிகிச்சையாளரின் வேலைதான்.

முடிவாக

முடக்குவாதத்துக்கு ஆஸ்டியோபதி சிகிச்சை ஆகாது, துணை ஆகலாம். அதுவும் நான்கு நிபந்தனைகளோடு: நோய் மருந்தால் அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும், சிகிச்சையாளருக்கு முடக்குவாதம் என்று தெரிந்திருக்க வேண்டும், கழுத்திலும் வீங்கிய மூட்டிலும் சொடுக்கு கூடவே கூடாது, மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மறுமுறை போகக் கூடாது. தொக்கணத்துக்கும் வர்மத்துக்கும் இதே விதிதான். காசு அளவாக இருப்பவர் அதை முதலில் மருந்துக்கும் ரத்தச் சோதனைக்கும் வைக்கட்டும், அடுத்து பிசியோதெரபிக்கு; மீந்தால் மற்றதற்கு.

இரண்டு கை விரல்களும் வீங்கி, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, ஆறு வாரம் ஆகிறதா? யாரிடமும் நீவிக்கொள்ளும் முன் ரத்தம் கொடுத்துச் சோதியுங்கள். வீட்டில் அம்மாவோ அக்காவோ அப்படி இருந்தால், அடுத்த சந்தைக்கு இறங்கும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.